டைல்ஸ் தரையில் வழுக்கும் வயதான நாய்: பிடிமானம் எங்கே வேண்டும், எப்படிக் கொடுப்பது

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 11 வயது, 36 கிலோ. பழைய வீட்டில் சிமென்ட் தரை, நன்றாகத்தான் நடந்தான். புது வீட்டில் ஹால் முழுக்க பளபளப்பான டைல்ஸ். இரண்டு முறை பின்னங்கால் விரிந்து விழுந்துவிட்டான். அதற்கப்புறம் ஹால் வாசலிலேயே நின்று முனகுகிறான், பிஸ்கட் காட்டினாலும் உள்ளே வருவதில்லை. ஜமுக்காளம் விரித்தோம், அதோடு சேர்ந்தே சறுக்கினான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். பாலிஷ் டைல்ஸை நூல் துணி பிடிக்காது. 36 கிலோ நாய் அதன்மேல் பின்னங்காலை உந்தினால் துணி பின்னுக்குப் போகும், நாய் முன்னுக்கு விழும். கோரைப்பாய், பெட்ஷீட், அடியில் ரப்பர் இல்லாத கால்மிதி எல்லாமே இப்படித்தான். இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இதுவரை டைல்ஸை மட்டும் நம்பாமல் இருந்த நாய், இனிமேல் தரையில் விரித்த எதையும் நம்பாது. நாளைக்கு நல்ல ரப்பர் மேட் போட்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கும்.

மேட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், கோளாறு தரையிலா காலிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே சொரசொரப்பான சிமென்ட் தரையில், பட்டையைத் தளர்வாகப் பிடித்து 5 நிமிடம் நடத்துங்கள். இன்னொருவர் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மொபைலில் வீடியோ எடுக்கட்டும். அங்கே சீராக நடந்து, டைல்ஸில் மட்டும் தடுமாறினால் பெரும்பாலும் பிடிமானப் பிரச்சினை. சிமென்டிலும் உட்கார்ந்து எழ நேரம் எடுத்தால், முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தூக்கி ஓடினால், ஒரு காலை லேசாகவே ஊன்றினால் மூட்டு வலி இருக்கலாம். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் பரம்பரையாகவே பலவீனமாக அமைவது சகஜம். வயதானபின் அங்கேதான் தேய்மானம் முதலில் தெரியும்.

நடக்கும்போது பின்பாதம் தரையில் உரசும் சத்தம் கேட்கிறதா, பின்கால் நகங்களின் மேல்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாய் நின்றுகொண்டிருக்கும்போது வயிற்றுக்கு அடியில் கைகொடுத்து எடையைத் தாங்கி, ஒரு பின்பாதத்தை மெதுவாக மடக்கி அதன் மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு சரியாக இருக்கும் நாய் உடனே பாதத்தைத் திருப்பி நேராக ஊன்றிவிடும். மடங்கிய பாதத்தோடு அப்படியே நின்றால் முதுகுத்தண்டு அல்லது நரம்புக் கோளாறாக இருக்கலாம். மேட்டெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர். எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். மருத்துவமனை மேஜைக்கு முன்னால் பயத்தில் நாய் நொண்டுவதையே மறைத்துவிடும். சென்னை என்றால் வேப்பேரி, மற்றபடி நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. நேற்றுவரை நடந்த நாய் இன்று திடீரென்று பின்பாதியை இழுத்தால், அல்லது சிறுநீர் போக முடியாமல் தவித்தால், ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சரி, பிடிமானப் பிரச்சினைதான் என்று வைத்துக்கொள்வோம். நாய்க்குத் தரையில் பிடிப்புக் கொடுப்பது உள்ளங்காலில் இருக்கும் கறுப்பு மெத்தைகள். மண்ணில் சறுக்கினால் விரலை மடக்கி நகத்தை ஊன்றும், நகம் மண்ணில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் தானாக வருவது, நாய் யோசித்துச் செய்வதல்ல. டைல்ஸில் நகம் எங்கே இறங்கும்? விரலை மடக்கியதும் மெத்தை தரையைவிட்டு எழும்பி, நகநுனி மட்டும் மிஞ்சுகிறது. இருந்த பிடிப்பும் போய்விடுகிறது. பயந்த நாய் பயப்படாத நாயைவிட அதிகமாகச் சறுக்குவதும், ஒருமுறை விழுந்த நாய் அடிக்கடி விழுவதும் இதனால்தான். கால் விரியும்போது தொடையின் உட்பக்கத் தசை இழுபட்டு வலிக்கும். அந்த வலி அடுத்த முறை இன்னும் பயமுறுத்தும்.

அதனால் நகத்திலிருந்து தொடங்குங்கள். நாய் நடக்கும்போது டைல்ஸில் டக் டக்கென்று சத்தம் கேட்டால் நகம் நீளம் என்று அர்த்தம். வயதான நாய் தெருவில் அதிகம் நடப்பதில்லை, நகம் தானாகத் தேயாது. நீண்ட நகம் தரையில் முட்டி விரலை மேல்நோக்கித் தள்ளும், பாதம் பின்னுக்குச் சாயும். ஒரே நாளில் ஒட்ட வெட்டிவிடலாம் என்று இறங்காதீர்கள். நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. நகம் நீளமாகவே இருந்தால் அதுவும் நுனிவரை வளர்ந்திருக்கும். வாரம் ஒருமுறை 1 அல்லது 2 மில்லிமீட்டர் வெட்டினால் குழாயும் மெல்லப் பின்வாங்கும், 2 மாதத்தில் நல்ல நீளத்துக்கு வந்துவிடும். குளிப்பாட்டியபின் நகம் சற்று மெத்தென்று இருக்கும்போது வெட்டுவது சுலபம்.

கறுப்பு நகத்தில் எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லோருக்கும் குழப்பம். மெல்லிய வில்லை வில்லையாகச் சீவி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வெளிறிய, காய்ந்த தூள் மாதிரி இருக்கும். நடுவில் ஈரப்பசையோடு கருத்த ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு அடுத்தது ரத்தம். தவறிப்போய் ரத்தம் வந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) நகநுனியில் அப்பி 3 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். முன்னங்காலின் உள்பக்கத்தில் சற்று மேலே தனியாக இருக்கும் ஐந்தாவது நகத்தை மறந்துவிடாதீர்கள். அது தரையில் படாது, தேயாது, வளைந்து வளர்ந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும்.

மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியும் வழுக்கும். லேப்ரடாருக்கு இது கொஞ்சம்தான். கோல்டன் ரிட்ரீவர், ஸ்பிட்ஸ், ஷிட்ஸு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் வேலை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் செருப்புக்கு அடியில் பஞ்சு ஒட்டிய மாதிரி மெத்தையே தெரியாமல் முடி மூடியிருக்கும். நுனி மழுங்கிய சிறு கத்தரியால், மெத்தையின் மட்டத்துக்கு நேராக மட்டும் வெட்டுங்கள். இடுக்குக்குள் கத்தரியை நுழைக்க வேண்டாம், அங்கே தோல் மிக மெல்லியது.

மெத்தை வெடித்திருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். எண்ணெய் தடவிய காலோடு டைல்ஸில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தடவியே ஆகவேண்டுமென்றால் இரவு அது படுத்தபின் சில சொட்டு மட்டும் தேய்த்து, 15 நிமிடம் கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். காலை நடைக்கு முன் வேண்டவே வேண்டாம்.

இனி மேட். ஹால் முழுவதும் மூட வேண்டிய அவசியம் இல்லை. நேராக, நிதானமாக நடக்கும்போது நாய் அவ்வளவாக வழுக்குவதில்லை. படுத்த இடத்திலிருந்து எழும்போது, திரும்பும்போது, சாப்பாட்டுத் தட்டுக்கு முன் குனிந்து நிற்கும்போது, அழைப்புமணி கேட்டு ஓடிப்போய் வாசலில் பிரேக் போடும்போது: விழுவதெல்லாம் இந்த நான்கிலும்தான். பணத்தையும் மேட்டையும் அங்கே போடுங்கள், நடுவில் நடைபாதை போதும்.

லேப்ரடார் அளவு நாய்க்கு நடைபாதை 2 முதல் 2.5 அடி அகலம் இருக்கட்டும். படுக்கும் இடம், தண்ணீர்க் கிண்ணம், வெளிவாசல் மூன்றையும் இணைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பாதை வளையும் இடங்களிலும் முட்டுச்சந்தாக முடியும் இடங்களிலும் 4க்கு 4 அடி வேண்டும். நாய் திரும்பும்போது பின்பாதி அகலமாக வீசித் திரும்பும். 2 அடிப் பட்டையில் திரும்பினால் ஒரு பின்னங்கால் மேட்டைவிட்டு டைல்ஸில் இறங்கிவிடும், அங்கேதான் கால் விரியும். தட்டுக்கு முன்னால் 3க்கு 3 அடி. தட்டைத் தரையில் வைப்பதற்குப் பதில் ஒரு பலகைமேல் 6 அங்குலம் உயர்த்தினால் முன்னங்கால்கள் அகல விரிவது குறையும். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்று நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்கு மட்டும், வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், டாக்டரைக் கேட்டுவிட்டு உயர்த்துங்கள்.

எந்த மேட்? ஜிம்மிலும் மாடிப்படியிலும் போடும் வரிவரியான ரப்பர் மேட் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் ரோலாகக் கிடைக்கும், வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். கனமாக இருப்பதால் நகராது, கழுவலாம். புது ரப்பர் வாடை நாய்க்குப் பிடிக்காது, 2 நாள் வெயிலில் போட்டு எடுங்கள். யோகா மேட் 4 மில்லிமீட்டர் போதும். நீளம் 6 அடி, அகலம் 2 அடி என்பதால் நடைபாதைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும், ஆனால் நகம் பட்டு வருஷத்துக்குள் பிய்ந்துவிடும். குழந்தைகளுக்குப் போடும் கோத்துச் சேர்க்கும் ஃபோம் சதுரங்கள் பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் கனமான ஃபோமில் கால் அமுங்கும். நரம்போ மூட்டோ பலவீனமான நாய்க்கு அமுங்கும் தரை இன்னொரு தடுமாற்றம். 10 மில்லிமீட்டருக்கு மேல் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் வினைல் விரிப்பு வேண்டாம், டைல்ஸ் மாதிரியே வழுக்கும். அலமாரித் தட்டிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் போடும் வலைமாதிரியான ஆன்டி ஸ்கிட் விரிப்பு விலை குறைவு. அதை அடியில் போட்டால் நீங்கள் சுருட்டி வைத்த ஜமுக்காளமே உபயோகப்படும்.

எதை வாங்கினாலும் நாயை விடுவதற்கு முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். மேட்டின் ஓரத்தில் ஒரு கால் வைத்து, உடம்பின் முழு எடையோடு பக்கவாட்டில் உந்துங்கள். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அது நாய்க்கு உதவாது. அடியில் தூசி இருந்தால் நல்ல ரப்பர்கூட நகரும். மேட்டை எடுத்து அடிப்பக்கத்தையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் போடுங்கள். ஓரம் சுருண்டு எழும்பியிருந்தால் பாதத்தை இழுத்து நடக்கும் நாய் அதில் தட்டித் தடுக்கி விழும். இருபக்க டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பிறகு டேப் பசை டைல்ஸில் ஒட்டிக்கொண்டால் தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்துச் சுரண்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் எண்ணெய் போகக் கழுவுங்கள்.

மேட்டுக்கு மேட் இடைவெளி விடாதீர்கள். அரை அடி டைல்ஸ் தெரிந்தாலும் பயந்த நாய்க்கு அது கிணறு மாதிரி. கண்புரை விழுந்த நாய்க்கு இன்னும் மோசம்: பளபளப்பில் டியூப்லைட்டும் ஜன்னலும் பிரதிபலிப்பதைத் தண்ணீரா பள்ளமா என்று அதனால் பிரித்தறிய முடியாது. வெள்ளை டைல்ஸ்மேல் கறுப்போ நீலமோ மேட் போட்டால் பாதை எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் வரும். ஏப்ரல், மே வெயிலில் நாய் ரப்பர் மேட்டில் படுக்காது. குளிர்ச்சிக்காக வெறும் டைல்ஸைத் தேடிப்போய் விழுந்து கிடக்கும். படுப்பது சுகம்தான், எழுவதில்தான் அவதி. அதை மேட்டுக்கு இழுத்து வராதீர்கள். வழக்கமாகப் படுக்கும் இடத்தைக் கவனித்து, கால் நீட்டும் பக்கத்தில் ஒன்றரை அடி அகல ரப்பர் பட்டை ஒன்றைப் போடுங்கள். உடம்பு டைல்ஸில் கிடக்கும், எழும்போது பாதம் ரப்பரைப் பிடிக்கும். இன்னொரு வழி கோணிச்சாக்கு. வலை விரிப்பின்மேல் சணல் கோணியை விரித்து, பிழிந்த ஈரத்துணியால் லேசாக ஒற்றி, ஃபேனைப் போட்டுவிட்டால் டைல்ஸைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், பிடிப்பும் உண்டு. சொட்டச் சொட்ட நனைத்தால் பூஞ்சை வாடை வரும்.

தரை துடைக்கும் விதத்தையும் மாற்றவேண்டும். ஃபினாயிலோ வாசனை லிக்விடோ அளவுக்கு மேல் ஊற்றித் துடைத்தால் காய்ந்தபின்னும் தரையில் மெல்லிய படலம் தங்கும். மூடியளவு சொல்லியிருப்பதைவிடக் குறைவாகவே ஊற்றி, இரண்டாம் முறை வெறும் தண்ணீரில் துடையுங்கள். நாய் பாதத்தை நக்கும், அதற்காகவும் இது நல்லது. துடைத்தபின் தரை முழுதாகக் காயும்வரை நாய் வேறு அறையில் இருக்கட்டும். சமையலறை வாசலில் தெறிக்கும் எண்ணெயும், வயதான நாய் தெரியாமல் சொட்டும் சிறுநீரும் அதே இடத்தில் அதையே வழுக்க வைக்கும். டைல்ஸை ஆசிட் ஊற்றிச் சொரசொரப்பாக்கும் யோசனையை யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். டைல்ஸ் மாற்றும் வாய்ப்பே வந்தால் மட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத ரகம்) கேளுங்கள். பெட்டியில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று வழுக்கல் தரம் அச்சிட்டிருந்தால் ஆர் 10 அல்லது 11 எடுங்கள். ஆர் 9 அந்த வரிசையில் அடிமட்டம்.

இப்போது பயம். மேட் போட்டாயிற்று, நாய் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. பட்டையைப் பிடித்து இழுத்தால் தலை மேலே போகும், எடை முழுதும் பின்னங்காலில் விழும், மறுபடி சறுக்கும். எதிர்ப்பக்கம் நின்று கைதட்டி உற்சாகமாகக் கூப்பிட்டால் ஓடிவந்து விழும். இரண்டும் வேண்டாம். முதல் 2 நாள் ஒரு மேட்டை மட்டும் நாய்க்குப் பழகிய சிமென்ட் தரையில் போட்டு, அதன்மேல் சாப்பாடு வையுங்கள். மேட் நகராது என்று பாதம் நம்பவேண்டும். மூன்றாம் நாள் அதே மேட்டை ஹால் வாசலில், பாதி வெளியே பாதி உள்ளே இருக்கும்படி போடுங்கள். வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவாகப் பிய்த்து, மூக்குக்கு நேராக, தாழ்வாகப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு. கையை உயர்த்தினால் தலை உயரும், பழைய கதைதான்.

3 நிமிடம் போதும், நாளைக்கு மூன்று தடவை. பின்வாங்க நினைத்தால் விடுங்கள். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்த நாய்தான் முன்னே வரும். இறுகிய உடம்பு, அகன்ற கால்கள், உதட்டை நக்குவது, கொட்டாவி எல்லாம் பயத்தின் அறிகுறிகள், அங்கேயே நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடருங்கள். முதல் மேட்டில் நின்று தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும் அளவுக்கு இளகியதும் அடுத்த மேட்டை ஒட்டிப் போடுங்கள். சில நாய் ஒரு வாரத்தில் ஹாலைக் கடக்கும், சிலது ஒரு மாதம் எடுக்கும்.

நடக்கும்போது உதவி வேண்டுமானால் முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) நல்லது. அவசரத்துக்குப் பழைய வேட்டியை நான்காக மடித்து, அடிவயிற்றில் பின்னங்காலுக்குச் சற்று முன்னால் கொடுத்து, இரு முனையையும் முதுகுக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண் நாய்க்குக் குறி அழுந்தாதபடி பாருங்கள். தூக்கக்கூடாது, விழுந்தால் தாங்கும் அளவுக்கு லேசாகப் பிடித்தால் போதும்.

சாக்ஸ், ஷூ பற்றிக் கட்டாயம் அடுத்து கேட்பீர்கள். அடியில் ரப்பர் புள்ளி வைத்த நாய் சாக்ஸ் விருந்துக்குப் போகும் வீடு, மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சரி. வீட்டில் நாள்முழுக்கப் போட்டால் சுழன்று ரப்பர் மேல்பக்கம் வந்துவிடும். பாதம் வியர்த்து விரலிடுக்கில் புண் வரும், சென்னை புழுக்கத்தில் சீக்கிரமே. 3 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குழந்தை சாக்ஸ் வெறுங்காலைவிட மோசம். நகத்தில் மாட்டும் ரப்பர் வளையங்கள் நல்ல யோசனை: நகம் தரையில் படும் இடத்தில் ரப்பர் பட்டு, விரலை மடக்கினாலும் பிடிக்கும். நக அகலத்தை அளந்து வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்து மாட்டவேண்டும். மாட்டியபின் தினமும் ஒருமுறை பாருங்கள். வளையம் மேலேறித் தோலை அழுத்தினால் வீங்கும். பாதத்தை இழுத்து நடக்கும் நாய்க்கு இவை நிற்காது, தேய்ந்து கழன்றுவிடும்.

எடையைச் சொல்லாமல் விட முடியாது. 36 கிலோ என்பது ஆண் லேப்ரடாருக்கே மேல்வரம்பு. விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு வரிசை கைக்குத் தெரியவேண்டும், அழுத்தித் தேடவேண்டியிருந்தால் எடை அதிகம். மூட்டுத் தேய்மானம் உள்ள பருத்த நாய்களுக்கு உடல் எடையில் 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உங்கள் நாய்க்கு அது 2 கிலோவுக்குச் சற்று மேல். வாரத்துக்கு 300 கிராமுக்குள் குறைத்தால் 2 மாதம். டீயோடு போடும் பிஸ்கட்டையும் மீந்த தயிர்சாதத்தையும் நிறுத்தினாலே பாதி வேலை ஆகிவிடும்.

வீட்டு மருந்து டப்பாவிலிருந்து வலி மாத்திரை கொடுக்காதீர்கள். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் குடலில் புண் உண்டாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும். மூட்டில் வலி ஜெல் தடவினால் நாய் அதை நக்கி உள்ளே அனுப்பிவிடும். நாய்களுக்கான வலி மருந்துகள் உண்டு. ரத்தப் பரிசோதனை செய்து, எடைக்கு ஏற்ப டாக்டர் கொடுப்பார்.

வலி அடங்கியபின், டாக்டர் சரி என்றால், மேட்டின்மேல் உட்கார்ந்து எழும் பயிற்சி 5 முறை, நாளைக்கு இருவேளை. நேராக எழட்டும், ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தால் சுவரை ஒட்டி உட்காரவைத்துச் செய்யுங்கள். இது பழகியதும் 4 பிவிசி குழாய்களைத் தரையில் குறுக்காக, நாயின் தோள் உயரத்துக்குச் சமமான இடைவெளியில், உருளாதபடி வைத்து மெதுவாகத் தாண்டி நடக்கவிடுங்கள். பாதத்தை உரசாமல் தூக்கி வைக்கப் பழகும், பின்தொடையில் சதை பிடிக்கும். குழாய்மேல் கால் தட்டிக்கொண்டே இருந்தால் களைத்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு அவ்வளவுதான்.